என் வம்சப் படத்தில் செல்வமலர் அக்கா

ஒக்லாந்தின் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அபிராமி தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், மம் இஸ் கோன்" என்றாள். அவள் தாயார் செல்வமலர் அக்கா அன்று விடியற்காலை மாரடைப்பால் காலமாகிவிட்டார். கையில் இருந்த வெண்டிக்காயைப் போட்டுவிட்டு நின்றேன். துக்கம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு கணம் முன்னால், 'இனி அம்மா என்னைத்தானே கேட்கவேண்டும்' என்று ஓர் எண்ணம் வந்து போனது. அஞ்சலிக் கட்டுரையில் இதை எழுதக்கூடாதுதான். ஆனால் நான் நல்லவன்போல் எழுதினால் அக்காவே சிரிப்பார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா பென்ரோசில் ஒரு பால்மாத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். எங்களுக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை. ஓய்வு பெற்றபின், மரபணுச் சோதனை மூலம் ஒக்லாந்துத் தமிழருக்குத் தொலைந்த உறவுகளைத் தேடிக் கொடுத்தார்.

அந்த வேலை அதுவரை என்னுடையதாக இருந்தது. ஆல்பனியில் கணினித் துறையில் இருப்பவன் நான். எங்கள் வம்சத்தைப் பதினைந்து வருடம் வரைந்து, பெரிய தாள்களை ஒட்டி ஒரு பாய் அளவுக்குச் சேர்த்து வைத்திருந்தேன். அதில் ஒரே ஓர் இடம் வெறுமை. என் அம்மா பரமேஸ்வரியின் அண்ணன் தில்லையம்பலம் இளவயதில் மலாயாவுக்கு ரயில் வேலைக்குப் போனார். சில கடிதங்களுக்குப் பிறகு சத்தமில்லை. அம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண்மூடும் முன் அண்ணனின் வழியில் ஒருவரையாவது காணவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை நிறைவேற்றும் பிள்ளை நானாக இருக்கவேண்டும் என்பது என்னுடைய ஆசை.

தமிழ்ச் சங்கக் கூட்டமொன்றில் என் படத்தை விரித்துப் பெருமையாகப் பேசினேன். அம்மாவின் தகப்பனார் பெயர் வேலுப்பிள்ளை. மலேசியாவில் அதைக் குடும்பப் பெயராகக் கொண்ட எல்லாருக்கும் கடிதம் போட்டிருக்கிறேன் என்றேன். பின்வரிசையில் அக்கா எழுந்தார்.

"தம்பி, நீர் வெள்ளைக்காரன் மாதிரியெல்லோ தேடுறீர்! தில்லையம்பலத்தின்ர பிள்ளையளுக்குத் தில்லையம்பலம்தான் தகப்பன் பேர். பேரப்பிள்ளையளுக்கு அதுவும் போயிருக்கும். வேலுப்பிள்ளை எங்க மிஞ்சும்?"

சபை சிரித்தது. விசா படிவத்தில் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று நிரப்பி நிரப்பி, எனக்கு அது தலைமுறை தலைமுறையாக வருவது என்றே ஆகிவிட்டிருந்தது. அவர் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிந்தது.

அடுத்த வாரம் அக்கா எச்சில் சேர்க்கும் குழாயோடு வீட்டுக்கே வந்தார். அம்மாவுக்கு வாய் வறண்டு ஒரு துளி வரவில்லை. நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். "தண்ணி குடிச்சாப் பழுதாப் போடும் தம்பி, வையும்" என்று என்னைத் தடுத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, "அம்மா, பச்சை மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு..." என்று மெதுவாகத் தொடங்கினார். கால்மணி நேரத்தில் குழாய் நிறைந்தது. அம்மா சிரித்த சிரிப்பு அடுக்களை வரைக்கும் கேட்டது. என்னோடு அவர் அப்படிச் சிரித்து எத்தனை காலம்!

முடிவு வந்தது. ஈப்போவில் ஒரு பெண்மணி, அம்மாவுக்கு நெருங்கிய உறவு, அண்ணனின் பேத்தியாக இருக்கலாம் என்று காட்டியது. அக்கா, "பொறும் தம்பி. எங்கட ஆக்கள் மச்சானும் மச்சாளுமாக் கட்டிக் கட்டி வந்தவை. ரெண்டு பக்கத்தாலும் சொந்தம் வந்தால் தூரத்து ஆளும் கிட்டவாத்தான் காட்டும். அந்தக் கணக்கு மெஷினுக்குத் தெரியாது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்கு முன்னால் நான் சொல்லிவிடவேண்டும். அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாமியறையில் விளக்கேற்றினார். இரண்டு கிழமை கழித்து, அந்தப் பெண் அம்மாவின் ஒன்றுவிட்ட சித்தப்பா வழியில் வந்தவர் என்று தெரிந்தது. அதையும் நானே போய்ச் சொன்னேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றரை வருடம், பட்டியலில் இருந்த ஒவ்வொருவருக்கும் எழுதினார். கடைசியில் மலேசியாவின் கிள்ளானில் சுமதி நடராஜா என்று ஒரு தாதியை, தில்லையம்பலத்தின் மகன் வழிப் பேத்தியை, பிடித்தார். பெயரில் தில்லையம்பலமும் இல்லை, வேலுப்பிள்ளையும் இல்லை. தொலைபேசியில் அம்மா, "உன்ர தாத்தா என்ர பேர் ஏதும் சொன்னவரோ?" என்று கேட்டார்.

"எங்க அத்தை பேரே பரமேஸ்வரிதான் பாட்டி. தாத்தா அவரோட தங்கச்சி பேர வச்சாருன்னு அப்பா சொல்வாரு."

அம்மா அழுதார். நானும் அழுதேன். அக்கா மட்டும் அழாமல், "அம்மா, தம்பியின்ர படம் இல்லாட்டி இதைப் பிடிச்சிருக்க ஏலாது" என்றார். "ஓம் பிள்ளை" என்று சொல்லி அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். என் கையை அல்ல. அன்றிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும், "செல்வமலரைக் கேளன்" என்பதுதான். என் பிரஷர் மாத்திரைக்குக்கூட.

இறுதிச் சடங்கு நடந்த மலர்ச்சாலையில், சொந்தக்காரப் பெண்கள் வாய்க்கரிசி போட வரலாம் என்று சடங்கு செய்த ஐயா அழைத்தார். அம்மா சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னார். "அம்மா, நாங்கள் சொந்தமில்லையே" என்று காதுக்குள் சொன்னேன்.

"என்ர பிள்ளைக்கு நான் போடாமல் ஆர் போடுறது? தள்ளடா."

தள்ளினேன். அம்மா அரிசியை அள்ளிப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை எடுத்துவரச் சொன்னார். தன் பெயருக்குக் கீழே விரல் வைத்து, "இதில செல்வமலர் எண்டு எழுது" என்றார். இரத்த உறவு மட்டும்தான் இதில் வரும் என்று பதினைந்து வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் பெயருக்கு வலப்பக்கம் இடமிருந்தது, பேனாவை அங்கே கொண்டுபோனேன்.

"அங்க இல்லை. அவள் உனக்கு மூத்தவள். இடப்பக்கம் போடு."

ஒரே பிள்ளையாக வளர்ந்தவன் நான். கூடப்பிறந்தவர்மேல் வரும் பொறாமை எப்படி இருக்கும் என்று அறுபது வயதுவரை எனக்குத் தெரியாது. அம்மாவிலிருந்து கீழே புதிதாக ஒரு கோடு இழுத்து, எனக்கு முன்னால் அவர் பெயரை எழுதினேன்.

நாளை உங்களுக்கு எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு. மாங்காயும் உப்பும் தூளும் படைக்கவேண்டும் என்று அம்மாவின் கட்டளை. போய் வாருங்கள் அக்கா. என் படத்திலும் நீங்கள்தான் முதல்.