பட்டறை விலைக்கு ஒரு கார்

டீ கைக்கு வருவதற்குள் பழமலைநாதன் சீனாவுக்குப் போய்விடுவார். "அங்க எட்டு லட்சம்ப்பா. அதே கரண்டு காரு கப்பலேறி ஐரோப்பாவுல எறங்குனா இருவது. இங்க அந்த மாதிரி வண்டிக்குப் பதினாலு சொல்றான்!" டீ ஆற்றுபவர் இதைத் தினமும் கேட்கிறவர். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்பார்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். அச்சில் ஊற்றிய பிள்ளையார்கள் காயும் நேரமெல்லாம் கைப்பேசியில் கார் வீடியோதான். நார்வே விலை, தாய்லாந்து விலை எல்லாம் அத்துப்படி. சொந்த மகள் எந்த வகுப்பு என்றால் யோசிப்பார். ஏன் நாட்டுக்கு நாடு விலை மாறுகிறது என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போச்சு. "நம்ம பொம்ம பட்டறையில அம்பது ரூவா. வேப்பூர் ரோட்டுக் கடைக்குப் போனா நூறு. மெட்ராஸு கொலுவுக்குப் போனா எரநூறு. காரு மட்டும் என்ன, வானத்துலேர்ந்தா குதிச்சுது?"

இத்தனை தெரிந்தவர் ஒன்றை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே? மனைவி செல்வநாயகியின் கேள்வியும் அதுதான். "பட்டறை வெலைக்கு எறங்கட்டும்" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் பெண்ணாடத்தில் அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்கு இருவரும் மொபெட்டில் போனார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் பிடித்த மழை செல்வநாயகியின் பட்டுப்புடவையைத் துவைத்துப் போட்டுவிட்டது. வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். "இனிமே காருல வந்தாதான் ஒங்க வூட்டு வாசப்படி" என்று சொல்லிவிட்டு வந்த செல்வநாயகி, அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது தங்கை மகளுக்குக் கல்யாணம். போனில் தங்கை அழுகிறாள், இவளும் அழுகிறாள், வீம்பு மட்டும் இறங்கவில்லை.

ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் பிடித்துக் கடலூர் ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனைப் பெண் மோகனப்பிரியா விலையைச் சொன்னதும் பழமலைநாதன் குரலைத் தாழ்த்தினார்.

"சூளையில கோணலா வந்தது, பெயிண்டு திட்டுத்திட்டா புடிச்சது ஏதாச்சும் கெடக்கும்ல? அத பாதி வெலைக்குக் குடும்மா. நாங்களும் அப்புடித்தான் தள்ளுவோம்."

"காரெல்லாம் சூளையில வைக்க மாட்டாங்க சார்."

"எதுலயாச்சும் வச்சித்தானம்மா எடுத்திருப்பாங்க!"

நம்பாமல் தானே வண்டியைச் சுற்றி வந்தார். விளக்குக்கு எதிரே தலையைச் சாய்த்துப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தடியில் படுத்தும் பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. பழுதே இல்லாத ஒரு பொருளைப் பார்த்து மனுஷன் இப்படி இடிந்துபோவார் என்று மோகனப்பிரியா எதிர்பார்க்கவில்லை, பாவம்.

எழுந்தபோது செல்வநாயகி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தடவியபடி, "ஏம்மா, மழ பேஞ்சா உள்ள ஒரு சொட்டுகூட வராதுல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பழமலைநாதன் அவள் முகத்தைப் பார்த்தார். சீனா, நார்வே எதுவும் வாயில் வரவில்லை. அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஸ்டியரிங் முட்டியில் இடிக்க இடிக்க, வலது காலை முதலில் வைத்து ஏறினார்.