பொங்கல் பெயிண்டுக்கு அடியில்

யாரும் வேண்டாம் என்று விட்ட பள்ளத்தில் மண் கொட்டி ஷெட் போட்டவன் நான். பாகூர்ப் பக்கத்தில் அந்த இடத்தை வாங்கியபோது, "தவள வளக்கப் போறியா?" என்று கேட்டார்கள். லாரி கழுவப் போனவன் லாரி ஓட்டினேன். ஓட்டிக்கொண்டிருந்தவன் பழைய வேன் ஒன்றை வாங்கினேன். அந்த வேன் குட்டி போட்ட மாதிரி இன்று ஷெட் நிறைய மினி பஸ்கள் நிற்கின்றன. வண்டிக்கு அடியில் ஆள் நின்று வேலை பார்க்கும் குழியைக்கூட நானே கடப்பாரை பிடித்து வெட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குப் பள்ளிக்கூடம் போனேன், அதற்குள் மாடு மேய்க்க இழுத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும், கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களை ஊர் ஊராக ஏற்றி வில்லியனூர்ப் பக்கம் கொண்டுபோய் விடும் வேலை, பெரிய பெரிய டிராவல்ஸ்காரர்களை எல்லாம் தாண்டி எனக்குத்தான் கிடைத்தது. வண்டி ஓட்டும்போது டிரைவர் போனைத் தொடக்கூடாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்ற சட்டமும் நான் போட்டதுதான்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தை மாதக் காலையில் நடந்ததை ஊரில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மூன்றிலும் நான் இல்லை.

பொங்கலுக்கு முந்தைய கார்த்திகையில் கொட்டிய மழைக்கு ஆற்றுத் தண்ணீர் ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மேட்டில் நின்ற வண்டிகள் தப்பித்தன. கடைசி வரிசையில் நின்ற இரண்டு பஸ்கள் மட்டும் சக்கரம் முழுக நின்றன. தண்ணீர் வடிந்ததும் ஆயில் எல்லாம் மாற்றினோம், பிரேக் கட்டைகளைக் கழற்றிச் சேறு எடுத்தோம். இரண்டும் கிளம்பின. சத்தம் இல்லை, இழுவை குறையவில்லை. ஆனால் வெள்ளத்தில் நின்ற வண்டியை நம்பக் கூடாது. அது நல்ல பிள்ளை மாதிரி ஓடும். உள்ளே எது அரிக்கிறது என்று வெளியே காட்டாது.

எங்கள் பக்கத்தில் மாடு இல்லாதவனுக்கும் மாட்டுப் பொங்கல் உண்டு. டிராக்டர்காரன் டிராக்டருக்குப் பொட்டு வைப்பான். என் ஷெட்டில் பஸ்தான் மாடு. டிரைவர்கள் எல்லாரும் சேர்ந்து வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு மஞ்சள் அடித்து, அடியில் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸ் முழுக்கக் கருப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "மாட்டுக்கு வயித்தக் கழுவாம கொம்புக்கு மட்டும் வர்ணம் அடிப்பாங்களா?" என்பார்கள். வெள்ளத்தில் நனைந்த அந்த இரண்டின் மேலும் அவர்களுக்குப் பரிதாபம். அவற்றுக்கு மட்டும் இரண்டு கோட் அடித்தார்கள். நான்தான் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன்.

ஆபீஸைப் பார்த்துக்கொள்வது என் மகள். "தண்ணியில நின்ன வண்டிய குழியில ஏத்திப் பாத்துட்டு அனுப்பலாம்பா" என்று பொங்கலுக்கு முன்பே சொன்னாள். லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று அந்த இரண்டில் ஒன்றை ரூட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றதைக் குழிமேல் ஏற்றச் சொன்னேன். இரண்டும் ஒரே தண்ணீரில் நின்றவை. ஒன்றைப் பார்த்தால் மற்றதன் லட்சணம் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு.

குழிக்குள் நானும், வெகுகாலமாக என்னோடு இருக்கும் மெக்கானிக்கும் இறங்கினோம்.

"இன்னாய்யா, கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குது?" என்றேன்.

"ரெண்டு கோட்டு மொதலாளி. ஒங்க வூட்டு வாசக்காலுக்குக்கூட இப்பிடி அடிச்சிருக்க மாட்டானுங்க."

டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் போனேன். பின் அச்சுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட், சுடுதண்ணீர் பட்ட தோல் மாதிரி கொப்புளித்திருந்தது.

"வெயிலுக்கு எழும்பியிருக்கும்" என்றான் மெக்கானிக்.

"வண்டிக்கு அடியில இன்னாய்யா வெயிலு?"

விரலால் தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில். அது பெயிண்டைத் தின்னும் என்பது லாரி கழுவிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். சாவியால் சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் ஈர மண். பிரேக் பைப்பைச் சேஸோடு பிடித்திருக்கும் கிளிப்புக்குள் வெள்ளச் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. மேலே இரண்டு கோட் மூடிவிட்டதால் அது காயவே இல்லை. சேற்றை எடுத்துவிட்டுப் பைப்பை நகத்தால் அழுத்தினேன். இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கி வந்தது.

"பதமா மிதிச்சா தாங்கும்" என்றான் மெக்கானிக். "அவசரத்துல ஒரு மிதி மிதிச்சா…"

அவன் முடிக்கவில்லை. இதன் ஜோடி அந்த நேரம் பஸ் நிறையப் பெண்களோடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

குழியிலிருந்து ஏறி வந்து டிரைவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

"பெட்டிக்குள்ள அடிக்கிது. ஒங்க சட்டம்தான்" என்றான் மெக்கானிக்.

"சட்டத்த அப்பறம் பேசுய்யா!"

நான் போட்ட சத்தத்தில் மகள் ஆபீஸிலிருந்து ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்தாள். பஸ்ஸில் வரும் பெண்களின் நம்பர்கள் அவள் போனில் இருந்தன. ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. மகள் "அக்கா, பிரேக்கு…" என்று ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டேன். அந்த வார்த்தை காதில் விழுந்தால் பஸ் முழுக்க எழுந்து நின்று அலறும். டிரைவர் பதறி அழுத்தி மிதித்துவிடுவான்.

"யம்மா, நான் ஷெட்டுலேர்ந்து பெரியவரு பேசறேன். சத்தம் போடாம எழுந்து டிரைவர் பக்கத்துல போய் குந்து."

"இன்னாத்துக்குங்கய்யா?"

"சொல்றேன், போ. எங்க வர்றீங்க?"

"மங்கலம் தாண்டிட்டோங்க."

மங்கலத்தைத் தாண்டினால் அடுத்து வில்லியனூர் ரயில்வே கேட். அது ரயில் வரும் நேரம். கேட் போட்டிருந்தால், பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் டூவீலர்கள் கேட்டை ஒட்டி நிற்கும்.

"பெடல் எப்பிடி இருக்குன்னு அவனக் கேளு."

டிரைவர் குரல் தூரத்தில் கேட்டது. "கரிக்கலாம்பாக்கத்துல நிறுத்தறப்ப கொஞ்சம் கீழ எறங்குச்சி. லீவுல நின்ன வண்டி, சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு விட்டுட்டேன். யாரு கேக்கறது?"

"ஒங்க மொதலாளிண்ணே."

"ஓட்டும்போது போன் பேசக்கூடாதுன்னு அவருகிட்டயே சொல்லும்மா!"

பெண்கள் சிரித்தார்கள். இங்கே என் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அவன் பேச வேணாம், நீ பேசு. நான் சொல்றத அப்பிடியே சொல்லு. பிரேக்க அழுத்தி மிதிக்கக் கூடாது. பைப்பு போயிடும். கியர மூணுக்குக் கொண்டாரச் சொல்லு."

அவள் குரல் மாறிவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை சிந்தாமல் சொன்னாள். சிரிப்பு நின்றது. இன்ஜின் உறுமி அடங்குவது போனில் கேட்டது. மூன்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி உறுமல். ரெண்டு. கண்ணால் பார்க்காமலே என் வண்டி எந்தக் கியரில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

"ஐயா, கேட்டு போட்டிருக்குதுங்க. வரிசையா வண்டிங்க நிக்கிது."

"ஹேண்ட் பிரேக் புடிக்குதா?"

"கொஞ்சம்தான் புடிக்குதாம். வாய்க்கா பாலத்து எறக்கம், வண்டி தள்ளிக்கினு போவுதுன்றாரு."

மெக்கானிக் வாயில் கை வைத்துக்கொண்டான். மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்போது எனக்கு வைக்கோல் ஞாபகம் வந்தது. தை அறுப்பில் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டை அடைத்து வைக்கோலும் நெல்லும் கொட்டிவைப்பார்கள். வருஷா வருஷம் பஸ்ஸை நிறுத்தி இறங்கி அவர்களோடு சண்டை போட்டவன் நான்.

"எடது பக்கம் வைக்கோல் கெடக்குதா பாரு."

"கெடக்குதுங்க, குமிச்சி வெச்சிருக்காங்க. ஒருத்தரு நெல்லு தூத்திக்கினு இருக்காரு."

"ஆரன் அடிச்சி அந்த ஆள ஒதுங்கச் சொல்லு. எடது சக்கரம் ரெண்டையும் வைக்கோல்ல ஏத்து. நெல்லு மேல போனாலும் போவட்டும். ஒண்ணாங் கியரு, ஹேண்ட் பிரேக்க வுடாத. எல்லாரையும் கம்பியப் புடிக்கச் சொல்லு!"

ஹாரன். ஒரு அலறல். பிறகு, துணி மூட்டையைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம், நீளமாக. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. "அக்கா, அக்கா" என்று மகள் கத்தினாள். போனில் ரயில் கூவுவது மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் ஓர் ஆண் குரல் வந்தது. "யோவ்! கண்ணு இன்னா பொடனியிலயா கீது? தூத்துன நெல்லெல்லாம் போச்சேடா!"

என் ஆயுசில் அவ்வளவு இனிமையான வசவு நான் கேட்டதில்லை. மெக்கானிக் குழி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நின்னுட்டுதுங்கய்யா" என்றாள் அந்தப் பெண். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஒரு அக்காவுக்குத்தான் சாம்பார் டப்பா கவுந்துடுச்சி."

வேறு வண்டி எடுத்துக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பஸ் இடது பக்கம் சாய்ந்து வைக்கோலுக்குள் புதைந்து நின்றது. நெல்காரர் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "ரோட்டுல கொட்டாத, ரோட்டுல கொட்டாதன்னு கத்துவியே, நீதான?" என்றார். "கொட்டிக்கய்யா, இந்த வருஷம் நல்லாக் கொட்டிக்க" என்றேன். டிரைவரைச் சீட்டில் உட்காரவைத்து, இப்போது அழுத்தி மிதி என்றேன். பெடல் பலகைவரை போனது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆயில் பீச்சியடித்து வைக்கோல் நனைந்தது. சுற்றி நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள். போனில் பேசிய பெண் அப்படியே நெல் குவியல் ஓரம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

குடியரசு தினத்தன்று கம்பெனி வாசலில் பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். டிரைவருக்குச் சால்வை. தைரியமாகப் பேசியதற்கு அந்தப் பெண்ணுக்குப் பரிசு. என் மகளை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். பொங்கல் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியையும் குழியில் ஏற்றிச் சுரண்டிப் பார்த்தாக வேண்டும் என்று இப்போது ஷெட்டில் சட்டம். அதையும் 'மேடம் ரூல்' என்றுதான் சொல்கிறார்கள். தகரப் பெட்டியைப் பற்றி மட்டும் சிரித்துக்கொண்டே என்னிடம் கேட்கிறார்கள். பெட்டி இருக்கும், சொல்லிவிட்டேன்.

மூன்று பேருக்கும் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. கொடுக்க வேண்டியதுதான். ஆனால் கொப்புளத்தைப் பார்த்த கண் யாருடையது? முகர்ந்தது யார் மூக்கு? அந்தப் பெண் சொன்ன வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது? வைக்கோல் எந்த இடத்தில் கிடக்கும் என்று அந்த நிமிஷத்தில் யாருக்கு ஞாபகம் வந்தது? நான் மேடைக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். 'வண்டி உரிமையாளர்' என்று மைக்கில்கூட ஒரு வார்த்தை வரவில்லை.

எனக்குச் சால்வை வேண்டாம், வீட்டில் நிறைய மடித்து வைத்திருக்கிறது. படமும் வேண்டாம். அந்த பிளெக்ஸ் இன்னும் கம்பெனி வாசலில்தான் தொங்குகிறது. கம்பெனிக்காரர்களே, அதை இறக்கி, பஸ் படத்துக்குக் கீழே இருக்கிற வெள்ளை இடத்தில் ஒரு வரி சேர்த்து மறுபடி கட்டுங்கள்: பெயிண்டுக்கு அடியில் பார்த்ததும், வைக்கோலில் ஏற்றச் சொன்னதும் ஷெட்டுக்காரர். எழுத்து பெரியதாக இருக்கட்டும். ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் படிக்க வேண்டும்.