சமையலறைக்குப் பின்னால் இருந்த சேறு

நான் குடியிருக்கும் ஈப்போவின் சிலிபின் சந்தையில் கயிற்றால் கட்டிப்போட்டிருந்த நண்டுகளின் சேற்று வாடை மூக்கில் ஏறியதும், ஹுத்தான் மெலிந்தாங் ஆற்றோரத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டின் பின்கதவு நினைவுக்கு வந்துவிட்டது.

இளம்பிள்ளை வாதத்தில் கால்கள் சூம்பிப்போன என் அக்கா எங்கேயும் போனதில்லை. சமையலறையின் அந்தக் கதவருகேதான் எப்போதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், நான் அவள் காலடியில். கடல் ஓதம் இறங்கி ஆற்றுநீர் வற்றும்போது, பாக்காவ் எனும் சதுப்புநில மரங்களின் வேர்களுக்கிடையே சேறு பொளக் பொளக்கென்று மூச்சுவிடும். ஒற்றைக் கொடுக்கு பெருத்த குட்டி நண்டுகள் வளையைவிட்டு வந்து அந்தக் கொடுக்கை ஆட்டும், பிதுங்கிய கண்களோடு மீன்கள் சேற்றில் தவழ்ந்து ஒன்றையொன்று முட்டும், நீர்நாய்கள் குட்டிகளோடு கீச்சிட்டபடி கடந்துபோகும்.

"சத்தம் போடாத லா, வருதுங்க" என்பாள் அக்கா, விருந்தாளிகள் வருவதைப் போல.

பிறகு அங்கே செம்மண் கொட்டி மேடாக்கிக் கடைவரிசை கட்டிவிட்டார்கள். போன மாதம் நான் போனபோது, அக்கா அதே கதவருகே கடைகளின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட ஈப்போவுக்கு வந்துரேன்க்கா."

"அங்க மட்டும் பாக்க என்ன இருக்கு லா?"

என் வீட்டு ஜன்னலுக்கு வெளியேயும் சுவர்தான்.