தனிச் சாக்கு

காலை ஒன்பது பத்து. கோயில் வளாகத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சாக்கு. வேப்பமரத்தடியில் தனியாகக் கிடந்தது. வாயோரத்தில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. பாதிக்குமேல் காலி. மற்ற சாக்குகள் கோயிலை ஒட்டிய சிறு அறைக்குள் சுவரோடு சாய்ந்து வரிசையாக நின்றன.

அன்று எங்கள் கிறிஸ்தவ சபையின் அசனம். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய கரிசல் ஊர் எங்களுடையது. ஆண்டுக்கு ஒரு நாள் சபையார் வீட்டுக்கு வீடு அரிசி கொண்டுவந்து கொட்டுவார்கள். அதைக் கோயில் வளாகத்திலேயே சமைத்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம். யார் கொண்டுவந்த அரிசி என்று தெரியாமல் கலந்துபோவதே அதன் பொருள் என்று ஒவ்வோர் ஆண்டும் பிரசங்கத்தில் சொல்வார்கள்.

கீழத்தெருவில் ஆறு கிறிஸ்தவ வீடுகள் இருந்தன. சிவப்பு நூல் சுற்றிய சாக்கு அந்த ஆறு வீட்டு அரிசிக்கு. அது தனி அண்டாவில் வெந்து, கடைசிப் பந்தியில், மதில் ஓரமாக உட்காரும் அந்த ஆறு வீட்டாருக்கே திரும்பப் போய்ச்சேரும். ஏன் என்று கேட்டால் கமிட்டியிடம் பதில் தயாராக இருந்தது. அவர்கள் கொண்டுவருவது ரேஷன் அரிசி, கடை அரிசியோடு கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. சாதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். தொண்ணூறுகளின் பிற்பாதி. சாதிச் சண்டையில் பஸ்கள் பாதியில் நின்றுபோகிற காலம். எந்த ஊர் டீக்கடையில் இரண்டுவிதக் கிளாஸ் இருக்கிறது, எந்தக் குழாயடியில் யாரை விரட்டினார்கள் என்று சைக்கிளில் போய் விசாரித்து எழுதியிருக்கிறேன். எங்கள் அசனம் பற்றியும் ஆண்டுதோறும் நான்கு வரி அனுப்புவேன். ‘பேதமின்றி அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உணவருந்தினர்.’ மூன்று ஆண்டுகள் இதே வாக்கியம். அந்த மூன்று ஆண்டுகளும் சாக்கைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஊர்ச் சாக்காக இருந்திருந்தால் படம் எடுத்து அனுப்பியிருப்பேன்.

ஒன்பதரைக்குக் கீழத்தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதை ஒட்டியவர். கணவரை இழந்தவர். தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. தலையில் நார்ப்பெட்டி, நிறைய அரிசி. அவருடைய மகள் அந்த ஆண்டுதான் திடப்படுத்தல் பெற்று, திருவிருந்து எடுக்கிற முழு உறுப்பினராகியிருந்தாள். முதல் நாள் சாயங்காலம் அவள் அம்மாவிடம் சொன்னதைப் பிறகு நான் கேள்விப்பட்டேன்: “இந்த வருசமும் நீ அந்தச் சாக்குல தட்டுனா, இனிமே நான் இந்தக் கோயில் படி ஏற மாட்டேன்.”

அறை வாசலில் கமிட்டிச் செயலாளர் நின்றார். கோவில்பட்டியில் வத்தல், பருத்திக் கமிஷன் கடை வைத்திருப்பவர். மரத்தடியைக் கை காட்டினார்.

“ஏட்டி, அங்கன தட்டிட்டுப் போ. சோலி கெடக்கு.”

“இல்ல அண்ணாச்சி. இந்த வருசம் உள்ள இருக்க சாக்குலதான் தட்டணும்னு வந்திருக்கேன்.”

“அண்ணாச்சியா? ஒனக்கு எப்பட்டி நான் அண்ணாச்சி ஆனேன்?”

“ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கே ஆயிட்டீங்க. நான்தான் இத்தன வருசமா கூப்பிடாம இருந்துட்டேன்.”

விறகு அடுக்கிக்கொண்டிருந்த யாரோ சிரித்துவிட்டார். செயலாளர் திரும்பியதும் சிரிப்பு நின்றது. அந்த அம்மா பெட்டியை இறக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

செயலாளர் என் பக்கம் வந்தார். “இது சாதி விசயம் இல்ல வே, சமையல் விசயம். ரேசன் அரிசியக் கலந்தா சோறு கெட்டுப்போகும். நீரு பேப்பர்ல எழுதுதவரு, நாலும் தெரிஞ்சவரு. நீரே சொல்லும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எதிராகச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் தங்கையின் திருமணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது கோயிலில் திருமண அறிவிப்புச் செய்ய, சம்மதிக்க வேண்டியது இந்தக் கமிட்டிதான். ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவன் நான். ஆனால் ஆண்டவரிடம் எதையும் உண்மையாகக் கேட்டதாக நினைவில்லை. அந்த நேரத்தில் கேட்டேன். கூட இரும் என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன்.

“பிரிச்சுப் பாத்துருவோம் அண்ணாச்சி” என்றேன்.

அறைக்குள் போய் ஒவ்வொரு சாக்காக வாயைத் திறந்து கையைவிட்டு அள்ளினேன். கரிசலில் நெல் விளையாது. எங்கள் ஊரில் எல்லா வீட்டு அரிசியும் ஒன்று கடையில் வாங்கியது, இல்லை ரேஷனில் வாங்கியது. முதல் சாக்கிலேயே மஞ்சள் பாரித்த ரேஷன் அரிசி. இரண்டாவதிலும் அதுதான். செயலாளர் வீட்டிலிருந்து முழுச் சாக்காகவே வந்து, நீலப் பென்சிலால் அவர் வீட்டுப் பெயர் எழுதியிருந்த சாக்கைத் திறந்தபோது மக்கிய வாடை வந்தது. உள்ளங்கையில் கறுப்புக் குறுணையும் இரண்டு வண்டும் இருந்தன. அந்த அரிசியோடு வெளியே வந்து, அந்த அம்மா தாழ்த்திக் காட்டிய நார்ப்பெட்டியில் மற்றக் கையை விட்டு அள்ளினேன். புழுங்கல் பொன்னி. கல் பொறுக்கி, புடைத்துச் சுத்தம் செய்தது.

கழுகுமலையிலிருந்து வந்திருந்த சமையல்காரர் இரண்டு கையையும் எட்டிப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசியவர். எங்கள் சபைப் பயம் அவருக்கு இல்லை.

“அண்ணாச்சி, தனியா வேகவைக்கணும்னா ஒங்க வீட்டு அரிசியத்தான் வைக்கணும் போலுக்கு.”

“நீரு ஒம்ம சோலியப் பாரும் வே.”

“அதத்தான பாக்கேன். அரிசிதான என் சோலி.”

சத்தம் கேட்டு உபதேசியார் வந்தார். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாட்களில் சபையை நடத்துவது இந்த உபதேசியார். நல்ல மனிதர் என்று பேர் வாங்கியவர். அந்தப் பேர் கெடாமல் இருக்க எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கப் பழகியவர்.

“பரிசுத்தமான நாள்ல எதுக்கு விவாதம்? ஜெபம் பண்ணி முடிவெடுப்போம். அடுத்த கமிட்டில வச்சுக்கிடுவோம்.”

“நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்திருக்கேன் உபதேசியாரய்யா” என்றார் அந்த அம்மா.

சொல்லிவிட்டு அறைக்குள் நடந்தார். வாசலில் நின்ற செயலாளர் விலகினார். இடமளிக்க விலகவில்லை, மேலே பட்டுவிடக் கூடாது என்று விலகினார். அந்த அம்மா நடுவில் இருந்த சாக்கில் பெட்டியைக் கவிழ்த்தார். பெட்டியின் அடியைத் தட்டி, கடைசி அரிசியும் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார். வெளியே சமையல்காரர் மரத்தடிச் சாக்கை இழுத்துவந்து, யாரையும் கேட்காமல் பெரிய அண்டாப் பக்கம் வைத்துக்கொண்டார்.

அந்தக் கோயிலில் திருவிருந்து நாளில் திராட்சரசம் ஒரே கிண்ணத்தில்தான் தருவார்கள். கீழத்தெருவார் கடைசியாக முழங்காற்படியிடுவார்கள். அவர்கள் குடித்த பிறகு வேறு யாரும் அந்தக் கிண்ணத்தைத் தொட வேண்டியிருக்காது. இதையும் ஏதோ வரிசை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று பகல் முழுவதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. செயலாளர்மேல் வந்த கோபம் சீக்கிரம் தணிந்துவிட்டது. அவர் தன் வசதியைக் காத்தார், அவ்வளவுதான். உண்மை தெரிந்தும் ‘பேதமின்றி’ என்று எழுதி அனுப்பிய கைமேல் வந்த கோபம் தணியவில்லை.

நாலு மணிக்கு முதல் பந்தி. அந்த அம்மாவும் மகளும் வந்து நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். வலப்பக்கம் ஓர் இலை, இடப்பக்கம் ஓர் இலை. இரண்டுக்கும் ஆள் இல்லை. கறிக்குழம்பு வாளி அந்த வரிசையின் தலைக்கு வந்த பிறகும் ஆள் இல்லை. மகள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் வலப்பக்கம் உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்து, மேலத்தெருப் பெண் ஒருத்தி எழுந்துவந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். அதே தீப்பெட்டி ஆபீஸில் அதே மேஜையில் குச்சி அடுக்குகிறவள்.

“தள்ளி ஒக்காரு மதினி. ஆபீஸ்லயும் இடிச்சுக்கிட்டுத்தான் இருக்கே, இங்கனயுமா?”

மகள் சிரித்தாள். சாப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கோவில்பட்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அம்மாவைப் பார்த்தேன். பயமாக இல்லையா என்று கேட்டேன். செய்தி எழுதுகிறவன் கேட்கிற கேள்வி. அவர் அதைப் பொருட்படுத்தாமல் பதில் சொன்னார்.

“பயம் இல்லாமலா? விடியக்காலத்துல இருந்து முழங்கால் போட்டுக் கெடந்தேன். ‘ஏசப்பா, பயத்த எடும்’னு கேட்டேன். எடுக்கல. ‘சரி, அப்பம் கூட வாரும்’னேன். பெட்டியத் தூக்கி வாசல் தாண்டுனதும் மனசு அப்படியே தண்ணி தெளிஞ்ச மாதிரி ஆயிட்டு. அண்ணாச்சி அடிச்சிருந்தாலும் எனக்கு அழுக வந்திருக்காது.”

“கமிட்டில விசாரணைன்னு கூப்பிடுவாங்க.”

“கூப்பிடட்டும். அங்கனயும் ஏசப்பா கூட வராமலா போயிருவாரு?”

விசாரணைக்கு அவரைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். சபையின் ஒற்றுமையைக் குலைத்ததாகச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி நாளிதழுக்கு அனுப்பினேன். அது அச்சாகவில்லை. வழக்கமான நான்கு வரியை வேறு யாரோ அனுப்பி, அது அச்சாகியிருந்தது. தங்கையின் ஓலை இரண்டு வாரம் தாமதமாக வாசிக்கப்பட்டது. அந்த அம்மா ஒரு ஞாயிறும் தவறாமல் கோயிலுக்கு வந்தார், மகளும் வந்தாள்.

அடுத்த ஆண்டு கமிட்டி கூடி ஒரு தீர்மானம் போட்டது. வெயிலையும் இட நெருக்கடியையும் உத்தேசித்து, பந்தி வைப்பதில்லை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து எங்கள் சபையில் அசனச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள்.