ராட்டினத்தில் வாந்தி எடுத்தவன்

ஆடுகிற எதுவும் எனக்கு ஆகாது. போட், பஸ், ஊஞ்சல் எல்லாம் ஒன்றுதான். என் கல்யாணத்தில் ஊஞ்சலில் உட்கார்த்தி வைத்துப் பெண்டுகள் பாட்டுப் பாடியபோது, எதிரே பந்தக்காலில் கட்டியிருந்த வாழைக்குலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ரொம்ப அடக்கம் என்று பெண் வீட்டார் மெச்சினார்கள். காலையில் குடித்த காப்பி என் தொண்டைக்குழியில் வந்து நிற்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்படிப்பட்டவன் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். எர்ணாகுளம் போக வேண்டுமென்றால் போட்டில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் தோப்பும்படி வழியாகச் சுற்றிக்கொண்டு பாலம் பாலமாகத் தாண்ட வேண்டும். நான் சைக்கிளில் சுற்றிப் போகிறவன். நானே மிதித்துப் போனால் வயிறு சும்மா இருந்தது, மற்றவர்கள் ஓட்டினால்தான் புரட்டியது. போட்டைத் தவிர்க்க முடியாத நாட்களில் வெறும் வயிற்றோடு ஏறுவேன், நடுப் பலகையில் உட்காருவேன், கண்ணை எதிர்க்கரையை விட்டு எடுக்க மாட்டேன். நான் குமாஸ்தாவாக இருந்த மிளகுக் கிடங்கில் சுக்குக்குப் பஞ்சமில்லை, ஒரு துண்டு எப்போதும் கடைவாயில் இருக்கும். சட்டைப்பையில் உப்புத் தடவிய எலுமிச்சங்காய் மூடி ஒன்று காகிதத்தில் சுற்றி இருக்கும். கேட்டால் தொண்டைக்கட்டு என்பேன். ஆண்பிள்ளைக்குத் தலை சுற்றும் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அம்மாவுக்கும் தெரியாது, வந்த பெண்டாட்டிக்கும் தெரியாது.

கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். எர்ணாகுளத்தில் எக்ஸிபிஷன் போட்டிருந்தார்கள். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, நான், என் மனைவி, மூன்றே பேர். ஒரு சாயங்காலம் மூவரும் போட்டில் போனோம். சுக்கின் தயவில் அக்கரை சேர்ந்தேன். மைதானத்துக்குள் நுழைந்ததும் என் மனைவி கண்ணில் பட்டது ராட்டினம்தான். பாலக்காட்டிலிருந்து வந்த பெண், அவ்வளவு பெரியதை அதுவரை பார்த்ததில்லை. தொட்டில் தொட்டிலாக ஆட்கள் மேலே போய் இறங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாம ஏறலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"போயிட்டு வாங்கோ, ரெண்டு பேரும். நான் கீழே நிக்கறேன்" என்றாள் அம்மா.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். தலை சுற்றும் என்று ஒரு வார்த்தை போதும். நான் வீராப்பாக முன்னால் போய் டிக்கெட் வாங்கினேன்.

முதல் சுற்றில் அவள் சிரித்தாள். கப்பல்களையும் எங்கள் கரையையும் காட்டி, "அதோ, அதாக்கும் நம்ம பக்கம்!" என்றாள். இரண்டாவது சுற்றில் எனக்குப் பார்க்க ஒரு கரையும் நிலையாக இல்லை. எல்லாமே கீழே போய் மேலே வந்தன. மூன்றாவது சுற்றில் கண்ணை மூடி அவள் பக்கம் சாய்ந்தேன். நடந்தது அத்தனையும் அவள் மடியில் நடந்தது. அந்தப் புடவை தலைதீபாவளிக்கு அவள் அப்பா எடுத்துக் கொடுத்தது.

அவள் முகம் சுளிக்கவில்லை. முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். கலைந்த தலைமுடியைக் கையாலேயே ஒதுக்கிவிட்டாள். "யாரும் பாக்கலே. நேரா உட்காருங்கோ" என்றாள்.

இறங்கும்போது என் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அவள் புடவை முழுக்க நாறியது. அம்மா ஓடி வந்தாள்.

"என்னாக்கும் ஆச்சு? சர்த்திச்சுட்டியா?" என்று மருமகளின் புடவையைப் பார்த்துக் கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் முகம் மாறிவிட்டது. முதலில் பதற்றம், அப்புறம் யோசனை, அப்புறம் நான் அதுவரை அவளிடம் பார்க்காத ஒரு சந்தோஷம். மருமகளின் முகவாயைத் தொட்டு, "எத்தனை நாள் தள்ளியிருக்கு, கொழந்தே?" என்றாள். வரிசையில் நின்ற மலையாளத்துச் சேச்சி ஒருத்தி, "விசேஷம் உண்டு, அல்லே?" என்று சிரித்தாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை எல்லோரும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் போட்டில் அம்மா அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "புளிப்பா ஏதாவது இருந்தா தேவலை" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, சட்டைப்பையிலிருந்து எலுமிச்சங்காய் மூடியை எடுத்து நீட்டினேன். "பாத்தியா, பெண்டாட்டி மேலே எத்தனை கரிசனம்!" என்று அம்மா பூரித்துப் போனாள். என் மனைவி அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டாள். இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

போட் ஜெட்டியில் இறங்கி அம்மா முன்னால் நடந்தபோது என் மனைவியின் காதருகே சொன்னேன்: "இப்போ ஒண்ணும் சொல்லாதே. நாளைக்கு நானே அம்மாட்டே சொல்லிடறேன்."

"சரி" என்றாள்.

மறுநாள் நான் கிடங்கிலிருந்து வருவதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு மாமி மாவடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இனி உண்மையைச் சொன்னால் அம்மாவிடம் சொல்வதோடு முடியாது, தெருவுக்கும் சொல்ல வேண்டும், தெருவிலிருந்து கிடங்குக்கும் போகும். ஒரு ராட்டினம் தாங்காதவன் என்று மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் போட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அதற்குள் அம்மா பாலக்காட்டுக்குக் கார்டு போட்டுவிட்டாள். என் மனைவியின் அப்பாவும் அம்மாவும் பட்சணக் கூடையும் பழமுமாக வந்து இறங்கினார்கள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். அவரிடமும் நான் மூச்சு விடவில்லை.

எங்கள் வீட்டில் பெண்கள் மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புற அறையில் விலகி உட்கார வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். யாருக்கும் தெரியாமல் அதை மறைக்க வழியே கிடையாது. என் மனைவிக்கு நாள் கணக்கு எப்போதும் முன்னே பின்னேதான், அந்த மாதமும் தள்ளியிருந்தது. எக்ஸிபிஷன் போய்வந்த பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் கிணற்றடியில் நின்று, தூரத்திலிருந்தே என்னிடம் கேட்டாள்.

"சொல்லிட்டேளா?"

"இல்லை."

அவள் அந்த அறைக்குள் போய்ப் பாயை விரித்தாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ராட்டினத்துல ஏறணும்னு ஆசைப்பட்டாளே, வயத்துல இருந்ததைக் கலைச்சுட்டாளே!" என்றாள். மாமி வந்து, டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டாமா என்று கேட்டதற்கு, "போனது போயாச்சு, இனிமே என்னத்தைக் காட்ட!" என்றாள். செய்தி பாலக்காட்டுக்கும் போனது. அடுத்த முறை வந்தபோது மாமனார் என் அம்மாவுக்கு முன்னால், தன் பெண் செய்த தப்புக்குத் தலைகுனிந்து நின்றார். நான் அதே அறையில்தான் இருந்தேன். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பொல்லாதவள் இல்லை. மருமகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள், பத்தியம் வைத்துக் கொடுப்பாள். ஆனால் கூடத்தில் நாலு பெண்கள் சேர்ந்தால் அந்தப் பேச்சு எடுக்காமல் இருக்க மாட்டாள். "மூத்தது தங்கியிருந்தா இப்போ நடந்திருக்கும்" என்பாள். அடுத்த வருஷம், "இப்போ பேசியிருக்கும்." மூன்று வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தபோதும், "இவளுக்கு முன்னாலே ஒண்ணு போயிடுத்து" என்றுதான் ஆரம்பித்தாள். என் மனைவி காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். என்னை அவள் ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. அதற்குப் பிறகு எங்கேயாவது அழைத்துப் போங்கள் என்று கேட்டதும் இல்லை.

பெண்ணுக்கு ஐந்து வயதாகும்போது மறுபடியும் எக்ஸிபிஷன் வந்தது. குழந்தை பிடிவாதம் பிடித்ததால் நால்வரும் போனோம். குதிரைகள் சுற்றுகிற சின்ன ராட்டினம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் குழந்தை கையை உதறிக்கொண்டு ஓடினாள். அம்மா பாய்ந்து பிடித்தாள்.

"வேண்டாம். நம்மாத்துப் பொண்ணுகளுக்கு ராட்டினம் ஆகாது. உங்கம்மா ஏறினதாலேதான் உனக்கு அண்ணா இல்லாம போயிட்டான்."

குழந்தை பெரிய ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் தன் அம்மாவைப் பார்த்தாள். அவளிடமே கேட்டாள்:

"அம்மா, அண்ணாவை நீ மேலேந்து கீழே தள்ளிட்டியா?"

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அன்று போலவே நான் செருப்பைப் பார்த்திருப்பேனோ என்னவோ.

"அம்மா," என்றேன், "அன்னிக்கு வாந்தி எடுத்தது நானாக்கும். அவ இல்லை. அவ புடவையில எடுத்தேன். கொழந்தைன்னு ஒண்ணு இருக்கவே இல்லை."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. குழந்தையின் கையை விட்டாள், மருமகளின் கையைப் பிடித்தாள்.

"எத்தனை பேர் முன்னாடி உன்னைச் சொன்னேன்! உங்கப்பாவை நிக்க வெச்சுச் சொன்னேனே! எட்டு வருஷம் நீ ஏண்டி வாயைத் திறக்கலே?"

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குச் சொல்லிடறேன்னு இவர் சொன்னார், அம்மா" என்றாள்.