முப்பத்தைந்து என்று படித்தேன்

என் மனைவியின் இடுப்பளவை நான் பொய்யாகப் படித்தேன்.

இவ்வளவுதானா என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறரைச் சிரிக்கவைத்தே காலம் தள்ளியவன் நான். கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் என்னைச் சுற்றி நாலு பேர் நின்று தோளைக் குலுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த ஒன்றை மட்டும் எந்தக் கூட்டத்திலும் என்னால் வேடிக்கையாகச் சொல்ல முடிந்ததில்லை. முயன்று பார்த்தேன்... பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.

அவள் பெயர் சுகுணா. பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியை. பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூரின் அடுகோடியில். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. பள்ளித் தோழி ஷீலாவின் வீடோ ரிச்சர்ட்ஸ் டவுனில். பக்கத்தில் மாதாகோவில், உள்ளே பியானோ, கேக் வாசம் என்றிருக்கும் வீடு. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த புகைப்படங்களின் முன் சுகுணா நின்றுவிடுவாளாம். ஷீலாவின் அத்தைகள்! இடுப்பில் பெல்ட், முழங்காலுக்குக் கீழே குடைபோல விரிந்த பாவாடை, அகன்ற காலர். அதுபோல ஒரு கவுன் வேண்டும் என்று ஒருமுறை தன் அப்பாவிடம் கேட்டாள். "நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்று முடித்துவிட்டார் அவர். அதன்பிறகு தாவணி, சேலை, கல்யாணம், நான்.

இந்த வரிசையில் கடைசியாக வந்தவன்தான் மோசமானவன் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

போன வருடம் ஷீலா தன் வீட்டு அலமாரியை ஒழித்தபோது ஒரு கட்டுக் காகிதம் கிடைத்தது. அந்த அத்தைகள் கவுன் தைக்க வைத்திருந்த பழைய பேட்டர்ன்கள். முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று ஒவ்வொரு துண்டும் தனித்தனிக் காகிதம். குப்பையில் போட மனமில்லாமல் ஷீலா அதைச் சுகுணாவிடம் கொடுத்தாள். அன்று அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் கல்யாணத்தன்று எடுத்த ஆல்பத்தில்கூட அப்படி ஒரு முகம் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

பீரோவில் பாதியைக் காலி செய்தாள். காலி செய்யப்பட்ட பாதி என்னுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். துணி சுற்றிய மெத்தென்ற ஹேங்கர்களாகப் பார்த்து வாங்கி வரிசையாகத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு ஹேங்கருக்கும் ஒரு கவுன் மனத்தில் இருந்தது. இது மழைக்காலத்துக்கு, இது கிறிஸ்துமஸுக்கு ஷீலா வீட்டுக்குப் போக, இது சும்மா கப்பன் பார்க்கில் நடக்க...

"என்னங்க, சிரிக்க மாட்டீங்களே? இந்த வயசுல கவுன் போட்டா?"

"நான் சிரிச்சா என் பாதி பீரோ திரும்பக் கிடைக்குமா?" என்றேன்.

முதல் கவுன் ஷீலாவின் இருபத்தைந்தாவது திருமண நாள் விருந்துக்கு. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளிகள். சிக்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினாள். நான் வெளியே நின்று சோடா குடித்தேன். "லாஸ்ட் பீஸ் மேடம், இனிமே இந்த டிசைன் வராது" என்றானாம் கடைக்காரன். அந்த வாக்கியம் உங்களுக்கு நினைவிருக்கட்டும். எனக்கு மறக்கவே மாட்டேனென்கிறது.

தசரா விடுமுறை முழுக்கக் காகிதத்தோடு மல்லுக்கட்டினாள். அத்தைகள் ஒல்லி. இவள் தன் அளவை எடுத்து, காகிதத்தை நெடுக்கே வெட்டி, நடுவே பட்டை ஒட்டி, தன் உடம்புக்கு ஏற்ப விரித்தாள். பிறகு துணியைத் தரையில் பரப்பி, காகிதத்தை வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் கோடு போட்டாள். அப்போதுதான் கீழேயிருந்து ஹாரன் சத்தம்.

"தண்ணி லாரி வந்துடுச்சு. நீங்க போறீங்களா?"

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி வந்தால் யாராவது இறங்கிப்போய்க் குழாய் தொட்டிக்குள் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கோ சோம்பல். முழங்கால் வலி என்றேன். எந்த முழங்கால் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

"அப்ப நானே போறேன். துணியைத் தொடாதீங்க."

தொட்டேன்.

நல்லெண்ணம்தான், நம்புங்கள்! திரும்பி வரும்போது எல்லாம் வெட்டி அடுக்கியிருந்தால் எப்படி மகிழ்வாள் என்று நினைத்தேன். எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். அடுத்தவன் பிழையைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன். கோடு போட்டிருக்கிறது, கத்தரி இருக்கிறது. இதில் பிழைக்கு ஏது இடம்? மயிரிழை பிசகாமல் அந்த வெள்ளைக் கோட்டின்மேலேயே வெட்டினேன். வெட்டி முடித்துத் துணியை உதறினேன். மீந்த நறுக்குகளைக் குப்பையில் போட்டேன். என் திறமையை நானே ஒரு நிமிடம் நின்று ரசித்தேன்.

சுகுணா மூச்சு வாங்க மேலே வந்தாள். பார்த்தாள். நின்றாள்.

"மார்ஜின் விட்டுத்தானே வெட்டினீங்க?"

"மார்ஜினா?"

"பழைய பேட்டர்ன்ல தையலுக்கு இடம் இருக்காதுங்க. நான் போட்டது தையல் கோடு. அதுக்கு வெளியே ஸ்வல்ப, ஒரு அரை இன்ச்சாவது, விட்டுத்தான் வெட்டணும். விட்டீங்கதானே?"

லாஸ்ட் பீஸ் மேடம்!

அந்தக் கணத்தில் என் வயிற்றுக்குள் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்து மோதியது. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே ஓடுவது? ஹொசூர் ரோட்டில் இருக்கும் நெரிசலில் ஓடினாலும் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்ட முடியாது.

"பின்னே? தாராளமா விட்டிருக்கேன்!" என்றேன்.

"சாக்பீஸ் கோட்டையே காணோமே?"

"துணியை உதறினேன், அழிஞ்சுபோச்சு."

நம்பிவிட்டாள். அவள் நம்புகிறவள். அதுதான் எனக்கு இன்றுவரை விலகாத தண்டனை.

இல்லாத மார்ஜினை இருப்பதாக நினைத்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அரை அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தாள். காலர் அற்புதமாக வந்தது. கைகள் கொஞ்சம் பிடித்தன. "அந்தக் காலத்து ஸ்டைலே இப்படித்தான் போல" என்றாள். பக்கத்து அறையில் நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விருந்துக்கு முந்தைய நாள் போட்டுப் பார்த்தாள். ஜிப்பை ஏற்ற என்னை அழைத்தாள். முதுகுப்பக்கம் நின்று இழுத்தேன். இடுப்பில் வந்து நின்றது ஜிப். மூச்சை உள்ளே இழுத்தாள். நின்றது. நானும் என் மூச்சை இழுத்தேன், ஏதோ அதனால் பயன் உண்டு என்பதுபோல!

"பேட்டர்ன்ல எதாவது தப்பா?" என்றாள்.

இங்கேதான் நான் காகிதத்தின்மீது பழியைப் போட்டிருக்கலாம். யாருக்கும் நோகாது. ஆனால் என் சோதனையாளர் மூளை அந்த நேரம் பார்த்து வேலை செய்தது. காகிதத்தைச் சந்தேகித்தால் அதை எடுத்து வந்து துணியின்மேல் வைப்பாள். வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவள் இடுப்பை எதன்மேல் வைத்து ஒப்பிட முடியும்?

"அளவெடுத்துப் பாரேன்" என்றேன். வாய் அதுவாகச் சொன்னது என்றா சொல்லட்டும்? இல்லை. நான்தான் சொன்னேன்.

கவுனைக் கழற்றிவிட்டு உள்பாவாடையோடு நின்றாள். அவள் மூக்குக்கண்ணாடி தையல் மெஷின்மேல் இருந்தது. நான் பின்னாலிருந்து டேப்பைச் சுற்றினேன். முப்பத்திரண்டு. அவள் எடுத்த அதே அளவு. அவள் உடம்பு ஒரு குற்றமும் செய்யவில்லை.

"முப்பத்தைந்து" என்று படித்தேன்.

"மூணு இன்ச்சா? அதுக்குள்ளயா? ஜாக்கெட் எல்லாம் சரியாத்தானே இருக்கு..."

"ஜாக்கெட்டுக்கு இடுப்பு ஏது?" என்றேன். என்ன சமயோசிதம் பாருங்கள்! சேலையும் நாடா வைத்த சுடிதாரும் யார் இடுப்பையும் காட்டிக் கொடுப்பதில்லை. அதையும் எடுத்துச் சொன்னேன், வக்கீல்போல.

அவள் கவுனை மடித்தாள். அதை அளந்து பார்க்க அவளுக்குத் தோன்றவேயில்லை. துணியைச் சந்தேகிக்கவில்லை, காகிதத்தைச் சந்தேகிக்கவில்லை, என்னைச் சந்தேகிக்கவில்லை. தன்னைத்தான் சந்தேகித்தாள்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை நான் இதை எழுதாமலேகூட இருந்திருப்பேன். மறுநாள் விருந்துக்குப் பட்டுச்சேலையில் போனாள். வாசலிலேயே ஷீலா பிடித்துக்கொண்டாள்.

"ஏய் சுகு! கவுன் எங்கடி? பிராமிஸ் பண்ணியே!"

சுகுணா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். பயம்! அவள் விளக்கத் தொடங்கினால், தையல் தெரிந்த ஷீலா ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்டுவிடுவாளோ என்ற பயம்.

"கவுன் ரெடிம்மா. அந்த சைஸ்ல ஆள்தான் அவுட் ஆஃப் ஸ்டாக்!"

கூடமே சிரித்தது. புகைப்படத்து அத்தைகள்கூடச் சிரித்ததுபோல் இருந்தது. சுகுணாவும் சிரித்தாள். அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது... வந்தபின் கண்ணுக்கு ஏறவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு கேக் எடுக்கப் போனேன்.

என்ன மனிதன் நான்? ஒரு கவுன் துணிக்கு என்ன விலை இருக்கும்? "வெட்டித் தொலைச்சுட்டேன் சுகு, மன்னிச்சுடு" என்றிருந்தால் ஒருநாள் கத்தியிருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். மூன்றாம் நாள் வேறு புள்ளித்துணி தேடச் சிக்பேட்டைக்கு இழுத்துப் போயிருப்பாள். ஊரையே சிரிக்கவைக்கத் தெரிந்தவனுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லத் தெரியவில்லையே!

அந்த வாரமே பேட்டர்ன் கட்டு ஷீலாவிடம் திரும்பிப் போனது. மெஷினுக்கு உறை விழுந்தது. மெத்தென்ற ஹேங்கர்களில் என் சட்டைகள் ஏறின. "சும்மாத்தானே தொங்குது, நீங்களே வச்சுக்கங்க" என்றாள். ஆக, என் பாதி பீரோ எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. தினமும் காலையில் அங்கிருந்துதான் சட்டை எடுக்கிறேன். அந்த ஹேங்கர்களிலிருந்து எடுத்தால் தோள்பட்டையில் ஒரு மடிப்புகூட விழுவதில்லை.

இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தினாள். வெள்ளரிக்காய், மோர், அவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்று பலமுறை அருகில் போய் நின்றேன். ஒவ்வொருமுறையும் வேறு ஏதாவது ஜோக்கைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் பாருங்களேன்."

அதே இடத்தில், அதேபோல் பின்னால் நின்றேன். சுற்றினேன். முப்பத்திரண்டு. அன்றும் இன்றும் அதேதான்... இவ்வளவு நாள் பட்டினிக்கு ஒரு நூல்கூட இறங்காத முப்பத்திரண்டு! இந்த முறை பொய் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"முப்பத்திரண்டு" என்றேன்.

திரும்பினாள். அந்த முகம்! பேட்டர்ன் கட்டைக் கையில் வாங்கிய அன்று பார்த்த அதே முகம்.

"நிஜமாவா? மூணு இன்ச் குறைஞ்சிருக்கா! பாத்தீங்களா, ராத்திரிச் சோறு விட்டது வீண்போகலை."

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த டேப்பைப் பார்த்து உண்மை சொன்னேன். அதுவும் பொய்யாகவே போய்ச் சேர்ந்தது.

இப்போது சொல், இப்போதே சொல் என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"இன்னும் ஒரே ஒரு இன்ச்சுங்க. ஜிப் மறுபடி நிக்கக் கூடாது, அதுவரைக்கும் கவுனைப் போட்டுப் பாக்க மாட்டேன்" என்றாள் அவள். "அப்புறம் ஷீலாகிட்ட அந்தக் கட்டைத் திரும்பக் கேக்கப்போறேன். சிரிக்கக் கூடாது, ஆமா!"

நான் சிரிக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தோசை சுட்டாள். கடைசித் தோசையை ஊற்றுவதற்கு முன் எதிரே வந்து உட்கார்ந்து, வெள்ளரிக்காயைக் கடித்தபடி, இன்னொன்று போடட்டுமா என்று கேட்டாள்.

போடு என்றேன்.