எழும்பி வராத கஜானி

பெரியகல்லாற்றில் யசோதினி டீச்சரைத் தெரியாத வீடு குறைவு. இருபது வருடமாக ஒரே பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறார். வாவியில் வலை போடும் தகப்பனுக்குப் பிறந்து, வாய்ப்பாடு பிழைத்ததற்காக உள்ளங்கை வீங்க அடி வாங்கி வளர்ந்தவர். டீச்சரானால் பிரம்பைத் தொடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தார். ஊர் அதை லேசில் மதிக்கவில்லை. “கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க டீச்சர்” என்று தாய்மாரே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

நாற்பத்திரண்டாவது வயதில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் வார இறுதிப் பட்டப் படிப்புக்குச் சேர்ந்தார். நடத்தைவாதம் அங்கேதான் அவருக்கு அறிமுகமானது. ஒரு செயலுக்குப் பிறகு பிள்ளைக்குப் பிடித்தது கிடைத்தால் அந்தச் செயல் வளரும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் தானாகத் தேய்ந்து நின்றுவிடும். அடி தேவையே இல்லை. இத்தனை காலம் தான் தேடியதை யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டார்களே என்று, விரிவுரை மண்டபத்திலேயே அவருக்குக் கண் கலங்கியது.

பட்டத்துக்கு, தன் வகுப்பிலேயே ஒன்றைச் செய்து பார்த்து எழுதும் செயல்நிலை ஆய்வு ஒன்று செய்ய வேண்டும். அவருடைய நான்காம் வகுப்புக் கஜானி அதற்கென்றே வந்து சேர்ந்தவள் போல இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு இருப்புக் கொள்ளாது. பாடம் நடக்கும்போதே எழும்பி வந்து மேசையோடு ஒட்டி நின்று டீச்சரின் வாயையே பார்ப்பாள். போய் இரு என்றால் போவாள், ஐந்து நிமிடத்தில் திரும்பவும் வந்து நிற்பாள். டீச்சர் எண்ணிப் பார்த்தார்: ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. போ என்று சொல்வதும் ஒரு கவனிப்புத்தானே, அந்தக் கவனிப்புக்குத்தான் பிள்ளை வருகிறாள் என்று முடிவு கட்டினார்.

அடுத்த திங்கள் முதல் கஜானி மேசையருகே நின்றால் யசோதினி டீச்சர் அவளைப் பார்ப்பதில்லை. மற்றப் பிள்ளைகளும் பார்க்கக் கூடாதென்று சொல்லி வைத்தார். இடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கொப்பியில் நட்சத்திரம் ஒட்டினார். முதலில் கூடும், பிறகு குறையும் என்று விரிவுரைக் குறிப்பில் இருந்தது. சொல்லி வைத்தாற்போல அப்படியே நடந்தது. பத்தொன்பது தடவை வந்தாள். சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். ஒரு நாள் அழுதாள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்து நின்றார். பிறகு ஆறு, மூன்று, ஒன்று. ஐந்தாவது கிழமை ஒரு தடவைகூட வரவில்லை. கஜானியின் கொப்பி நிறைய நட்சத்திரம். அந்த எண்ணிக்கையை வரைந்த வரைபில் கோடு இறங்கிய அழகைப் பார்த்து விரிவுரையாளரே மெச்சினார்.

அந்த மாதக் கடைசியில் பாடசாலைக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வந்தார்கள். டொக்டர் நிஸ்றா பிள்ளைகளின் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். கஜானி திரும்பவே இல்லை.

“இந்தப் புள்ளைக்கு இடது காது கேக்கிறல்ல டீச்சர். மற்றதும் அரைவாசிதான். இப்பிடிப் புள்ளைகள் விளங்காம டீச்சர்ட மேசைக்கு ஓடி ஓடி வருவாங்க. இவ வாறல்லயா?”

“வந்தவதான்” என்றார் யசோதினி டீச்சர். “நான்தான் நிப்பாட்டினன்.”

ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு, நடுவே அரைத் தட்டி. காது கேட்கிற பிள்ளைக்கே அந்த இரைச்சலில் பாதிதான் விளங்கும். இந்தப் பிள்ளை ஐந்து கிழமை ஒன்றுமே விளங்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள், அதற்கு நட்சத்திரம் வேறு ஒட்டிக் கொடுத்திருக்கிறார் டீச்சர். பிரம்பால் இரண்டு போட்டிருந்தால்கூட இவ்வளவு நோகாது என்று அன்றிரவு புருஷனிடம் சொல்லி அழுதார்.

ஆய்வறிக்கையை இருந்தபடியே கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது, புள்ளியை அள்ளியிருப்பார். அப்படிச் செய்ய மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார். பிள்ளை எதற்காக எழும்பி வருகிறாள் என்று முதலில் பார்க்கச் சொல்லித்தான் கோட்பாடும் சொல்கிறது, நீங்கள் பார்க்கவில்லை என்றார் விரிவுரையாளர். நியாயமான பேச்சு. தேறுவதற்கு மட்டுமட்டான புள்ளிதான் கிடைத்தது.

கஜானிக்கு வலது காதுக்குக் கருவி கிடைத்தது. டீச்சர் அவளை முன்வரிசை வாங்குக்கு மாற்றினார். “விளங்காட்டி எழும்பி வா மனே, நான் ஒண்டும் சொல்லமாட்டன்” என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அவள் தலையாட்டுவாள். ஆனால் எழும்பமாட்டாள். டீச்சர் திரும்பவும் எண்ணத் தொடங்கினார், இந்த முறை ஒன்றாவது விழாதா என்ற ஏக்கத்தோடு. ஒரு மாதம் போயும் ஒன்றும் விழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னக் கணக்கு. கஜானி வெறும் கொப்பியை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. டீச்சர் அவளிடம் போய்க் குனிந்தார்.

“ஏன் மனே, எங்கிட்ட வந்து கேக்கலாம்தானே?”

கஜானி அவருடைய வாயைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பெருமையாகச் சிரித்தாள்.

“நான் இப்ப நல்ல புள்ள டீச்சர். எழும்பிறல்ல.”

யசோதினி டீச்சர் வாங்கில் அவளுடைய வலது பக்கமாக உட்கார்ந்து, முதலாவது கணக்கிலிருந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்.